மணி அடித்தபோது தாய் வீட்டில் இல்லை!

கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கிறது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்கு லோடு போகவேண்டும். வெயில் ஏறுமுன் கட்டுக் கட்டிவிட வேண்டும் என்று மேஸ்திரி விரட்டுகிறார். சோலையைக் கழிப்பதும், அடியை வெட்டுவதுமாகப் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறார்கள்.

அவர்களில் ஒருத்திக்கு ஐம்பது வயது இருக்கும். அவளுடைய செல்போன் அவளிடம் இல்லை. வரப்போரத்து வேப்பமரத்தடியில், சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் பையில் இருக்கிறது. பத்தரை மணிக்கு அது அடிக்கிறது. அடித்து ஓய்கிறது. மறுபடியும் அடிக்கிறது. ஓய்ந்துவிடுகிறது.

பகலில் சாப்பிட உட்காரும்போதுதான் பையைத் திறக்கிறாள். எழுத்துத் தெரியாது. பக்கத்துக் கொல்லைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள்.

"பெரியம்மா, ரெண்டு தடவ போன் வந்திருக்கு. கடலூர் நம்பரு."

அவ்வளவுதான். கையில் எடுத்த சோறு அப்படியே நிற்கிறது. "திருப்பிப் போடுடா கண்ணு" என்கிறாள். பையன் போடுகிறான். போட்டு என்ன பயன்? கடலூர் கேப்பர் மலையில் இருக்கும் மத்திய சிறையில், டெலிபோனுக்கு முன்னால் தன் முறை வந்து நின்ற மகன், அதற்குள் தன் இடத்துக்குத் திரும்பிப் போயிருப்பான். உள்ளே இருப்பவன் வெளியே பேசலாம். வெளியே இருப்பவள் உள்ளே பேச முடியாது. ஒரு வழிப் பாதை அது!

இது ஒரு குறிப்பிட்ட தாயின் கதை அல்ல. விழுப்புரத்தைச் சுற்றியும் திண்டிவனத்தைச் சுற்றியும் இப்படிப்பட்ட தாய்மார்களும் மனைவிமார்களும் பல பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். ஆனால் அந்த ஒரு மணியோசைக்காக நாள் முழுவதும் காத்துக் கிடப்பவர்கள்.

120 நிமிஷ உறவு

தமிழ்நாட்டுச் சிறைகளில் கைதிகள் வீட்டாருடன் டெலிபோனில் பேசலாம் என்ற விஷயம் இன்னும் பல பேருக்குத் தெரியாது. "ஜெயிலில் இருக்கிறவனுக்கு டெலிபோன் ஒரு கேடா?" என்று கேட்பவர்களும் உண்டு. 2023-ம் ஆண்டில் இந்தச் சலுகை விரிவாக்கப்பட்டது. மாதத்துக்கு 10 முறை, ஒவ்வொரு முறையும் 12 நிமிஷம். ஆக 120 நிமிஷம். முகம் பார்த்துப் பேசும் வீடியோ வசதியும் சேர்க்கப்பட்டது. கைதி நினைத்த எண்ணுக்கெல்லாம் பேசிவிட முடியாது. இன்னார் என்று எண்ணைக் கொடுத்து, அது சரிபார்க்கப்பட்ட பிறகுதான் பேசலாம்.

நல்ல காரியம். பாராட்ட வேண்டிய காரியம். இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பேச்சு என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்வது. விதியில் உள்ளே இருப்பவனுடைய நிமிஷங்களுக்குக் கணக்கு இருக்கிறது. வெளியே இருப்பவளுடைய வேலை, வெயில், பஸ், பாட்டரி இவற்றுக்கு எந்தக் கணக்கும் இல்லை. அந்த 120 நிமிஷமும் கைதிக்குக் கொடுத்த சலுகை என்று நினைக்கிறோம். அதில் பாதி வெளியே இருக்கும் குடும்பத்துக்குச் சொந்தம். அந்தப் பாதியைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

மனு போட்டுப் பார்ப்பது

டெலிபோனை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும், நேரில் போய்ப் பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். பார்க்கலாம். "மனு போட்டுப் பார்ப்பது" என்று அதற்குப் பெயர். ஆனால் அந்த ஒரு மனுவுக்கு என்ன விலை தெரியுமா?

விசாரணைக் கைதியாக இருக்கும் வரையில் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கக்கூடும். விழுப்புரத்தை அடுத்த வேடம்பட்டில் மாவட்டச் சிறை இருக்கிறது. திண்டிவனத்தில் கிளைச் சிறை இருக்கிறது. தண்டனை ஆகிவிட்டால் கடலூர் மத்திய சிறை. திண்டிவனத்துக்காரர்கள் புதுச்சேரி வழியாக பஸ் மாறிப் போகவேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-ம் ஆண்டு முதல் டிக்கெட் இல்லை. கடலூர் போகும் வெளியூர் பஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது.

தண்டனை அடைந்தது பெண் என்றாலோ, வேலூரில் தொரப்பாடிப் பக்கம் இருக்கும் பெண்கள் தனிச் சிறைக்குப் போக நேரலாம். விழுப்புரம் சந்திப்பில் ரெயில் ஏறித் திருவண்ணாமலை வழியாகப் போகலாம். தாயைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர் அநேகமாகப் பாட்டியாகத்தான் இருப்பார். இரண்டு பிள்ளைகள், ஒரு கிழவி, ஒரு பை. விடியுமுன் புறப்பட்டால் இருட்டித்தான் திரும்ப வேண்டும். ஒரு நாள் கூலி போயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று. வழியில் டீயும் பன்னும் செலவு. எல்லாம் எதற்கு? கம்பி வலைக்கோ கண்ணாடிக்கோ அப்பால் தெரியும் ஒரு முகத்தைச் சில நிமிஷம் பார்ப்பதற்கு!

பார்த்ததும் என்ன பேசுகிறார்கள்? அழுகிறார்கள். அழுது முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் கத்திப் பேசினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? சில சிறைகளில் இன்டர்காம் கருவி வைத்த பிறகுதான் இந்தக் கூச்சல் கொஞ்சம் ஓய்ந்தது.

பேரறிவாளனின் தாயார் அற்புதம் அம்மாளை நாடே அறியும். 1991-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி பிடிபட்டபோது மகனுக்கு வயது 19. விடுதலையானது 2022-ம் ஆண்டு மே 18-ந் தேதி. ஏறக்குறைய 31 வருஷ காலம், அந்த அம்மாள் சிறைவாசல் ஏறி இறங்கினார். வழக்கைப் பற்றி யாருக்கு எந்த அபிப்பிராயம் இருந்தாலும், அந்தத் தாயின் கால்களுக்கு ஏற்பட்ட வலியைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

மாடு கன்னு போட்டுதா?

டெலிபோனில் பேசுவது வேறு மாதிரி. அங்கே அழுகை குறைவு, குடும்பம் அதிகம்.

"எம்மா, மாடு கன்னு போட்டுதா?"

"போட்டுதுடா. கெடாரி. நெத்தியில வெள்ள."

"வித்துடாத. தங்கச்சி பத்தாவது பரீட்சைக்குப் பணம் கட்டியாச்சா?"

"மாமா கட்டிட்டாரு. நீ வேளைக்குச் சாப்புடுறியா?"

இதுதான் பேச்சு. கேட்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் இந்த அற்ப விஷயங்களில்தான் ஒரு மனிதன் இன்னும் ஒரு வீட்டுக்கு மகனாக, ஒரு பெண்ணுக்குப் புருஷனாக, ஒரு தங்கைக்கு அண்ணனாக இருக்கிறான். கன்றை விற்பதா வேண்டாமா என்று அவனைக் கேட்கும் வரையில் அவன் குடும்பத்தில் ஒருவன். கேட்பது நின்றுபோன அன்றைக்கு அவன் வெறும் நம்பர்.

சிறு குழந்தைகள் விஷயம் இன்னும் சிக்கல். "அப்பா துபாயில் இருக்கிறார்" என்றோ, "பெங்களூரில் வேலை" என்றோ சொல்லி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. டெலிபோனில் அந்தப் பொய் பிழைத்துக்கொள்ளும். வீடியோவில்? பின்னால் தெரியும் சுவர் எல்லாவற்றையும் சொல்லிவிடும்! ஆகவே முகம் பார்க்கும் வசதி வந்த பிறகும், குரல் மட்டும் போதும் என்று நினைக்கும் மனைவி இருந்தால் அவளைப் பழிக்க முடியாது. குழந்தையோ டெலிபோனைக் கையில் வாங்கியதும் வாயே திறக்காது. "அப்பாகிட்டப் பேசுடா, பேசுடா" என்று கெஞ்சுவதிலேயே 12 நிமிஷத்தில் 3 நிமிஷம் கரைந்துவிடும்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

இந்த உறவு சர்க்கார் போடும் பிச்சை அல்ல. 1981-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கிவிட்டது. டெல்லியில் காவலில் வைக்கப்பட்டிருந்த பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பெண்மணிக்கு ஐந்து வயது மகள். மாதத்துக்கு ஒரு முறைதான் மகளைப் பார்க்கலாம் என்று விதி இருந்தது. நீதிபதி பகவதி அந்த விதியை ஏற்கவில்லை. மானத்தோடு வாழும் உரிமையில், குடும்பத்தாரைச் சந்திக்கும் உரிமையும் அடக்கம் என்று தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு அதற்கு ஆதாரம்.

ஐக்கிய நாடுகள் சபையின் சிறை விதிகளுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 27 வருஷம் சிறையில் இருந்த மனிதர் அல்லவா? 2015-ம் ஆண்டில் திருத்தப்பட்ட அந்த விதிகளில், கடிதத்தோடு டெலிபோன் போன்ற சாதனங்களும் சேர்க்கப்பட்டன. தண்டனையாகக் குடும்பத் தொடர்பையே அறுத்துவிடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. நம் மத்திய அரசாங்கம் 2016-ம் ஆண்டில் வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேட்டிலும், கட்டணம் செலுத்திக் குடும்பத்தாரோடும் வக்கீலோடும் பேச வழி செய்யப்பட்டிருக்கிறது.

முன்பெல்லாம் கடிதம்தான். நேரு சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்கள் உலக சரித்திரப் புத்தகமாகவே ஆகிவிட்டன. ஆனால் எழுதவும் படிக்கவும் தெரிந்த வீடு அது. நம் கரும்பு வெட்டும் தாய்க்குக் கடிதம் வந்தால், அதைப் படித்துச் சொல்ல ஊரில் ஒருவரைத் தேடவேண்டும். மகன் ஜெயிலில் என்ன எழுதினான் என்பது அன்று மாலைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். டெலிபோன் அந்த மானத்தைக் காப்பாற்றுகிறது.

2020-ம் ஆண்டு மார்ச்சில் கொரோனா வந்தபோது நேரில் பார்ப்பது நிறுத்தப்பட்டது. உள்ளே நோய் பரவுமோ என்று வீட்டாருக்குக் கவலை. வெளியே யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று உள்ளே இருப்பவர்களுக்குக் கவலை. அப்போதுதான் செல்போன் மூலம் முகம் பார்த்துப் பேசும் ஏற்பாடு வந்தது. அதே வருஷம் ஏப்ரலில், வேலூர் சிறையில் இருந்த முருகனின் தந்தை யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். வெளிநாட்டுக்குப் பேச விதி இடம் தரவில்லை. விஷயம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. இலங்கையில் இருக்கும் தாயுடனும், லண்டனில் இருக்கும் சகோதரியுடனும் பேசலாம் என்று உத்தரவு வந்தபோது 2021-ம் வருஷம் ஆகிவிட்டது. தந்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அந்த உத்தரவு உதவவில்லை.

எண் இல்லாதவர்கள்

திண்டிவனம் வட்டாரத்தில் இருளர் குடும்பங்கள் பல உண்டு. மரம் வெட்டவும், செங்கல் சூளைக்கும் போகிறவர்கள். இன்றைக்கு ஓர் ஊர், அடுத்த மாதம் வேறு ஊர். திருட்டு நடந்தால் முதல் சந்தேகம் இவர்கள் மேல் விழுகிறது என்ற மனக்குறை இவர்களுக்கு நெடுங்காலமாக உண்டு. திண்டிவனத்தில் வாழ்ந்து இவர்களுக்காகப் போராடிய பேராசிரியர் பிரபா கல்விமணியின் பெயரை இந்தப் பக்கத்தில் அறியாதவர்கள் குறைவு. 2021-ம் ஆண்டில் வெளிவந்த "ஜெய்பீம்" படத்துக்குப் பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் இந்த விஷயம் தெரிந்தது.

இந்தக் குடும்பத்தில் ஒருவன் உள்ளே போனால் எந்த எண்ணைக் கொடுப்பான்? மனைவியின் செல்போன் சூளை முதலாளி வாங்கிக் கொடுத்தது. சிம் கார்டு யார் பேரில் இருக்கிறதோ! சூளை மாறினால் எண்ணும் மாறும். கார்டில் பணம் தீர்ந்தாலும் மாறும். சரிபார்த்த எண் செத்த எண்ணாகிவிடும். புதிய எண்ணை மறுபடி எழுதிக் கொடுத்து, மறுபடி சரிபார்த்து... அதற்குள் ஜாமீனே வந்துவிடலாம், வராமலும் போகலாம்.

இந்தியச் சிறைகளில் 2022-ம் ஆண்டு முடிவில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல், குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள்! இவர்களுக்குத்தான் டெலிபோன் மிகவும் தேவை. ஜாமீனுக்கு ஆள் யார், வக்கீல் யார், நிலப் பட்டா எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதெல்லாம் முதல் வாரத்தில் பேசவேண்டிய பேச்சு. ஒருவரைக் கைது செய்தால் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்திலும் அது இருக்கிறது. போலீசார் தெரிவிப்பது ஒரு பக்கம். "எம்மா, நான்தான்" என்ற குரல் கேட்பது வேறு பக்கம். கிளைச் சிறையானாலும் சரி, மத்திய சிறையானாலும் சரி, உள்ளே போன முதல் நாளிலேயே அந்தக் குரல் வீட்டுக்குக் கேட்கவேண்டும்.

அமெரிக்கப் பாட்டி

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தில் மார்த்தா ரைட் என்று ஒரு பாட்டி இருந்தார். நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் ஜெயிலில். தூர தூரமான சிறைகளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நேரில் போக முடியாத பாட்டி டெலிபோனை நம்பினார். டெலிபோன் கம்பெனிகளோ கொள்ளை விலை வைத்தன. மருந்து வாங்குவதா, பேரனோடு பேசுவதா என்ற நிலை. 2000-ம் ஆண்டில் பாட்டி வழக்குப் போட்டார். 2015-ல் காலமானார். சிறை டெலிபோன் கட்டணத்துக்குக் கடிவாளம் போடும் சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானபோது, அதற்கு மார்த்தா ரைட்டின் பெயரே வைக்கப்பட்டது. கனெக்டிகட் மாநிலம் 2021-ல் சிறை டெலிபோனை முற்றிலும் இலவசமாக்கச் சட்டம் செய்தது.

அங்கே பணம் தடை. இங்கே நேரம் தடை.

பாசத்தால் மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதே நாட்டின் மினசோட்டா மாநிலச் சிறை இலாகா, விடுதலையான 16,420 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2011-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. சிறையில் ஒரு முறையாவது யாராவது வந்து பார்த்தவர்கள், மறுபடி பெரிய குற்றத்தில் தண்டனை அடைவது 13 சதவிகிதம் குறைவு. அது நேரில் பார்ப்பதைப் பற்றிய கணக்கு. போக வழியில்லாத வீட்டுக்கு அந்த இடத்தில் நிற்பது டெலிபோன்தானே?

"ஜெயிலுக்குள் இருந்தே செல்போனில் ஆள் ஏவுகிறார்கள். டெலிபோன் கொடுத்தால் இன்னும் கெட்டுப்போகும்" என்று ஒரு கட்சி உண்டு. திருட்டுத்தனமாக உள்ளே போகும் செல்போன் வேறு. அதிகாரியின் கண்முன்னே, சரிபார்த்த எண்ணுக்கு, பதிவேட்டில் எழுதிப் பேசும் டெலிபோன் வேறு. நேர் வாசல் திறந்திருந்தால் சுவர் ஏறிக் குதிக்க ஆசை குறையும். ஏவுகிறவன் இந்த டெலிபோனில் வந்து ஏவப் போவதில்லை. மாடு கன்று போட்டதைக் கேட்பவன்தான் இங்கே வரிசையில் நிற்கிறான்.

கிழமையும் மணியும்

செய்யவேண்டியது பெரிய காரியம் அல்ல. கோடி ரூபாய் திட்டம் வேண்டாம். இன்ன கைதிக்கு இன்ன கிழமை, இன்ன மணி என்று முன்கூட்டியே குறித்து வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். முந்தின நாள் மாலை ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். தாய்க்குப் படிக்கத் தெரியாவிட்டால் பேத்திக்குத் தெரியும். மணி அடித்து எடுக்க ஆள் இல்லாவிட்டால், அந்த முறையைப் பத்தில் ஒன்றாகக் கழித்துவிடாமல், அன்றைக்கே இன்னொரு தடவை முயல இடம் கொடுக்கலாம். சூளை மாறிய குடும்பத்துக்கு, கிராம நிர்வாக அதிகாரியின் ஒரு சீட்டை வைத்து எண்ணை மாற்றித் தரலாம். சொந்த எண்ணே இல்லாதவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ, பஞ்சாயத்து அலுவலகத்துக்கோ வந்து உட்கார்ந்து பேசலாம். எத்தனையோ காரியத்துக்கு அந்த நாற்காலிகள் பயன்படுகின்றன, இதற்கும் பயன்படட்டுமே!

புதன்கிழமை பத்தரை மணி என்று தெரிந்துவிட்டால், அந்தத் தாய் முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லி வைப்பாள். பத்து மணிக்கெல்லாம் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.